வால் முளைத்த சிவப்புப் புள்ளி

நவம்பர் 4, செவ்வாய்

இன்று தவறவிட்டேன். வனத்துறைக்குக் கால்நடை மருத்துவராக வந்து பதினாலு வருடம் ஆகிறது. மயக்க ஊசித் துப்பாக்கியால் யானை, காட்டெருமை, சிறுத்தை என்று எத்தனையோ பார்த்தாயிற்று. ஒன்றும் தப்பியதில்லை. இன்று ஒரு கரடி, அதுவும் வெறும் இருபத்தைந்து மீட்டரில், தப்பிவிட்டது.

ஒசக்கொரை எஸ்டேட்டில் மூன்று நாளாக ஒரு பெண் கரடி சுற்றிக்கொண்டிருக்கிறது. இடுப்பில் பைக் கிளட்ச் ஒயர் இறுகிக் கிடக்கிறது. எவனோ காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்கு. கரடி அதில் மாட்டி, முளைக்குச்சியோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. கூடவே ஒரு குட்டி. தாயை மயக்கிக் கம்பியை வெட்டி எடுத்தால் பிழைத்துக்கொள்ளும். விட்டால் கம்பி சதைக்குள் போய்க்கொண்டே இருக்கும், புண் அழுகும், நாலு வாரம் தாங்கினால் அதிகம். அதற்குள் வலி பொறுக்காமல் கொழுந்து பறிக்கிற பெண்கள் யாரையாவது கிழித்துவைத்தால் அது வேறு கேடு.

நாலு மணிக்குத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றது. வேட்டைத் தடுப்புக் காவலர் நஞ்சன்தான் காட்டினார். ஸ்கோப்பில் பார்த்தால் கறுப்பு. கறுப்பு மயிரைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. தொடையா தோளா என்றே பிடிபடவில்லை. சுட்டேன். ஊசி எங்கோ செடிக்குள் போயிற்று, கரடி சோலைக்குள் போயிற்று. மருந்து நிறைந்த ஊசியை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது, நாளைக்கு யார் கையிலாவது குத்தும். ஒன்றரை மணி நேரம் செடி செடியாகத் தேடினோம். கண்டெடுத்ததும் நஞ்சன்தான். என் காலடியில் கிடந்ததாம்.

குற்றம் ஸ்கோப்பில்தான். உள்ளே பூஞ்சை படிந்திருக்க வேண்டும். கோத்தகிரி மழை எதைத்தான் விட்டுவைத்தது.

நவம்பர் 5, புதன்

காலையில் ஸ்கோப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பூஞ்சை தெரியவில்லை. ரொம்ப மெல்லிய பூஞ்சையாக இருக்கும்.

யோசித்துப் பார்த்தால் வாங்கும்போதே தப்பு நடந்திருக்கிறது. ஒன்பது மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் இது. தோட்டா போட்டு அரை மைல் தூரத்தில் சுடுகிறவனுக்குச் சரி. மயக்க ஊசி தோட்டா இல்லை. மெதுவாக, வளைந்து போகிற சமாச்சாரம். நாற்பது மீட்டருக்கு மேல் அதை நம்புகிறவன் முட்டாள். இருபத்தைந்து மீட்டரில் நிற்கிற கரடியைப் பெரிதாக்கினால் அதன் மயிரை எண்ணலாம், கரடியைப் பார்க்க முடியாது. மடங்கைக் குறைத்து வைத்தாலும் குழாய்க்குள் எட்டிப் பார்க்கிற வேலைதான். குட்டி எந்தப் பக்கம் நிற்கிறது, தாய் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று வெளி உலகம் எதுவும் தெரியாது.

துப்பாக்கியோடு வந்த, குழல் மேல் நிற்கிற இரும்புக் குறி இருக்கிறது. அதன் முன்முனை எனக்கு இரண்டாகத் தெரிகிறது. எப்போதோ இடித்து வளைந்திருக்க வேண்டும்.

வேண்டியது ரெட் டாட். அது எதையும் பெரிதாக்காது. ஒரு சின்னக் கண்ணாடி, அதில் மிதக்கிற ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு பார்க்கலாம். புள்ளியை எங்கே வைக்கிறோமோ அங்கே ஊசி போகும். கோயம்புத்தூர் ஷாஜகான் பாய்க்கு போன் போட்டேன். பதினாலு வருடமாக நான் எதை வாங்கினாலும் அவர் கடையில்தான். "ஞாயித்துக்கிழமை பஸ்ஸுல பார்சல் போட்டுடறேன் சார்" என்றார்.

நவம்பர் 6, வியாழன்

இந்த டைரியில் கோடுகளை ரொம்ப மங்கலாக அச்சடித்திருக்கிறார்கள். நான் கோட்டைக் கணக்கில் எடுக்காமல் என் இஷ்டத்துக்குப் பெரிதாக எழுதிக்கொள்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பார்சல் வந்தது. பொறுக்க முடியாமல் பஸ் ஸ்டாண்டிலேயே பிரித்தேன். வீட்டுக்கு வந்து துப்பாக்கியில் மாட்டி, சுவிட்சைப் போட்டுப் பார்த்தால் வயிறு எரிந்தது.

புள்ளிக்கு வால் இருக்கிறது. உருண்டையாக இருக்க வேண்டிய புள்ளி தலைப்பிரட்டை மாதிரி கீழே இழுத்துக்கொண்டு நிற்கிறது. இதை வைத்துக்கொண்டு நான் எதைச் சுடுவது.

வீட்டுக்குப் பின்னால், சுட்டுப் பார்ப்பதற்காக வைக்கோல் மூட்டையைக் கட்டிவைத்துக்கொண்டிருந்த நஞ்சனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.

"எனக்கு உருண்டையாத்தான் தெரியுது டாக்டரே."

நஞ்சனுக்கு ரெட் டாட்டைப் பற்றி என்ன தெரியும்.

நவம்பர் 10, திங்கள்

ஷாஜகான் பாயிடம் காலையிலேயே கத்திவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னார்.

"சார், அதக் கையில புடிச்சு லேசாச் சாச்சுப் பாருங்க. வாலும் கூடவே திரும்புதா, இல்ல அப்படியே நிக்குதா?"

சாய்த்துப் பார்த்தேன். பக்கவாட்டில் திருப்பினேன். தலைகீழாகக்கூடப் பிடித்தேன். வால் திரும்பவே இல்லை. எப்படிப் பிடித்தாலும் கீழேதான் தொங்குகிறது. பழுது அவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று அர்த்தம். அவரிடம் சொன்னேன்.

"செல்போன் கேமராவ அதுக்குப் பின்னாடி வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க சார்" என்றார். எடுத்து அனுப்பினேன். போட்டோவில் புள்ளி உருண்டையாக இருக்கிறதாம். இந்தக் காலத்து செல்போன்கள் எல்லாவற்றையும் அழகாக்கித்தான் காட்டும். எங்கள் அண்ணியின் முகத்தையே உருண்டையாக்கிவிடுகிறது. வேறு பீஸ் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

பழைய பீஸைத் திருப்பி அனுப்பினேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பும்போது என் மனைவி பூங்கோதையும் காரில் இருந்தாள். ஆறு மணிதான், முழுக்க இருட்டக்கூட இல்லை. எதிரே வருகிறவன் அத்தனை பேரும் கண்ணைக் குத்துகிற மாதிரி லைட் மாட்டிவைத்திருக்கிறான். ஒவ்வொரு லைட்டைச் சுற்றியும் ஒரு முள் வட்டம். போலீஸ் எதற்குத்தான் இருக்கிறதோ.

"ஏங்க, நான் ஓட்டட்டுங்களா?" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மாதானுங். ஓட்டி நாளாச்சு."

கொடுக்கவில்லை. மீதி வழி முழுக்கக் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு எப்போதும் பயம்.

நவம்பர் 14, வெள்ளி

இரண்டாவது பீஸ் வந்தது. இதற்கும் வால். முந்தினதைவிட ஒரு பங்கு நீளம், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒரு கம்பெனி இவ்வளவு அக்கறையாகப் பழுதான பொருளைச் செய்யுமா. இன்றே திருப்பி அனுப்பிவிட்டேன். ஷாஜகான் பாய் போனை எடுக்கவில்லை. அவர் மகன் எடுத்து "வாப்பா தொழுகைக்குப் போயிருக்காங்க" என்றான். மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் தொழுகை.

நவம்பர் 18, செவ்வாய்

மூன்றாவது பீஸ். வால் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இது பரவாயில்லை. மற்ற இரண்டைப் போல அலைபாயாமல் வால் ஒரே இடத்தில் நிற்கிறது. இன்னும் ஒரு தடவை மாற்றிக்கொண்டிருக்க நேரமும் இல்லை. கரடிக்குக் கம்பி இறுகி பதினேழு பதினெட்டு நாள் ஆகியிருக்கும்.

ஒரு வழி கண்டுபிடித்தேன். தலை தடிமனாக இருக்கிறது, மூட்டையில் வரைந்த சுண்ணாம்பு வட்டத்தையே மறைக்கிறது. வால்நுனி மெல்லிசு. ஆகவே வால்நுனியைத்தான் குறியாக வைத்துக்கொள்ள வேண்டும். ரெட் டாட்டின் திருகாணியைத் திருப்பித் திருப்பி, தண்ணீர் நிரப்பிய ஊசிகளால் சுட்டுப் பார்த்து, வால்நுனி நிற்கிற இடத்தில் ஊசி விழுகிற மாதிரி அமைத்துவிட்டேன். முப்பது மீட்டரில் அஞ்சுக்கு அஞ்சு. எத்தனை நாளுக்குப் பிறகு இப்படி ஒரு நிம்மதி. மனுஷன் மூளையை உபயோகித்தால் எந்தப் பொருளையும் வழிக்குக் கொண்டுவரலாம்.

நஞ்சன் ஊசிகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். "இந்தத் துப்பாக்கிய இனி நீங்க மட்டுந்தான் டாக்டரே சுட முடியும்" என்றார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 20, வியாழன்

காலை ஏழு மணிக்குக் கரடியைப் பார்த்ததாக எஸ்டேட்டிலிருந்து தகவல். போனோம். ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றது. நஞ்சன் கையை நீட்டினார்.

"அதோ டாக்டரே, காயம்பட்ட பக்கம் நம்மளப் பாத்து இருக்கு. குட்டி பின்னாடி."

"ஆமா ஆமா" என்றேன். பனி. அந்த மாதிரிப் பனியில் யாருக்கும் எதுவும் முழுசாகத் தெரியாது. சுடுகிற தூரமும் இல்லை. ஆனால் காற்று இந்தப் பக்கம் அடித்தபோது புண்ணின் நாற்றம் வந்தது. அதற்குக் கண் தேவையில்லை. அழுக ஆரம்பித்துவிட்டது.

மதியம் மேலதிகாரி போனில் கூப்பிட்டார். இந்த மாதக் கடைசிக்குள் கம்பியை எடுக்காவிட்டால் கூண்டு வைத்துப் பிடித்து உயிரியல் பூங்காவுக்கு அனுப்பிவிடுவார்களாம். கூண்டுக்குள் அடிபட்டுப் புரண்டால் அந்தப் புண் என்ன ஆகும் என்று கேட்டேன். குட்டி தனியாகக் காட்டில் என்ன செய்யும் என்றும் கேட்டேன். "அதுக்குத்தானே தணிகாசலம், உங்கள நம்பியிருக்கோம்" என்றார். வைத்துவிட்டார்.

நவம்பர் 22, சனி

எனக்குத் துணையாக இன்னொரு மருத்துவரை அனுப்புகிறார்களாம். துணையாக. பெயரைக் கேட்டதும் மீதி எரிச்சலும் வந்தது. வேதவல்லி. வேப்பேரிக் கால்நடைக் கல்லூரியில் அஞ்சு வருடம் ஒரே வகுப்பு. அங்கே என்னைவிட இரண்டு மார்க் அதிகம் வாங்குவதையே தொழிலாக வைத்திருந்தாள். இப்போது அடுத்த மாவட்டத்தில் இதே வேலை.

நவம்பர் 24, திங்கள்

வேதவல்லி வந்துவிட்டாள். தலை பாதி நரைத்திருக்கிறது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

"என்னடா தணி, கரடி உன்னையப் பாத்துச் சிரிச்சுச்சாமே?"

அவளுடைய துப்பாக்கியை அவள் ஆட்கள் ஒரு யானைக்காக சத்தியமங்கலம் பக்கம் கொண்டுபோயிருக்கிறார்கள். வெறுங்கையோடு வந்திருக்கிறாள். என் ரெட் டாட்டைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினாள்.

"பரவால்லையே. கரடிக்கு இதான் சரி. நானும் இதத்தான் கேட்டு ஒரு வருசமா எழுதிக்கிட்டிருக்கேன். ஒரு ஊசி போட்டுப் பாக்கட்டுமா?"

"எதுக்கு ஊசியத் தள்ளுற கேஸை வீணாக்குற. போன வாரந்தான் அமைச்சேன். முப்பது மீட்டர்ல அஞ்சுக்கு அஞ்சு."

"சரிப்பா, உன் துப்பாக்கி" என்று வைத்துவிட்டாள்.

வால் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. சுடப்போவது நான்தானே, எதற்குச் சொல்வது.

நவம்பர் 25, செவ்வாய்

கரடி தப்பிவிட்டது. வேதவல்லி தவறவிட்டாள். இன்று இதற்கு மேல் எழுதுவதாக இல்லை.

நவம்பர் 26, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்றுக் காலை எட்டு மணி. விழுந்து கிடந்த ஒரு சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் கரடி கறையானுக்காகத் தோண்டிக்கொண்டிருந்தது. எங்களுக்கும் அதற்கும் முப்பது மீட்டர். மரத்துக்கு மேலே அதன் பின்பக்கம் மட்டும் தெரிகிறது என்று நஞ்சன் கிசுகிசுத்தார். எனக்கு அங்கே இரண்டு கறுப்பு தெரிந்தது. ஒன்று கரடி. இன்னொன்று பாறையா, குட்டியா. பெரிய மிருகத்துக்கான மருந்து அது. குட்டியின் உடம்பில் ஏறினால் அது எழுந்திருக்காது. விரல் விசையில் இருந்தது. கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தேன். ஒன்றும் பிரியவில்லை.

"தணி" என்றாள் வேதவல்லி, காதோரம். "சுடு. திரும்பப் போகுது."

"எனக்கு இருமல் வருது" என்றேன். "நீ சுடு." துப்பாக்கியை அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

இருமல் வரவில்லை.

அவள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தோளில் வைத்தாள், மூச்சை விட்டாள், சுட்டாள். ஊசி மரத்தில் குத்தி நின்றது. கரடியின் தொடைக்கு அரைச் சாண் கீழே. கரடி உறுமிவிட்டு ஓடியது, குட்டி இடப்பக்கத்திலிருந்து எழுந்து பின்னால் ஓடியது. நான் பாறை என்று நினைத்தது பாறை இல்லை.

வேதவல்லி கொஞ்ச நேரம் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "புள்ளி சரியாத்தானே இருந்துச்சு" என்றாள், தனக்குத்தானே. கேலி இல்லை, சிரிப்பு இல்லை. ஜீப்பில் வரும்போது மட்டும், "எனக்கு வயசாயிடுச்சு போலடா" என்றாள். நஞ்சன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

இன்று காலை அவளே அறிக்கை எழுதி அனுப்பிவிட்டாள். "சுட்டவர்: வேதவல்லி. தவறியதன் காரணம்: சுட்டவரின் பிழை."

எனக்குத் தாங்கவில்லை. நேராக ஷாஜகான் பாய்க்குத்தான் போன் போட்டேன். அவர் கொடுத்த பழுதான பொருளால் ஒரு நல்ல மருத்துவர் தலைகுனிந்து நிற்கிறார் என்று கத்தினேன். மூன்று பீஸ் மாற்றியும் மூன்றிலும் வால் வைத்து அனுப்பினீர்களே என்றேன்.

"சார்" என்றார். "கோவிச்சுக்காதீங்க. மூணு பீஸ் இல்ல சார். ஒரே பீஸ்தான்."

எனக்குப் புரியவில்லை.

"நீங்க திருப்பி அனுப்புனத நானும் பாத்தேன், எம் பையனும் பாத்தான், ரைபிள் கிளப் ஆளுங்ககிட்டயும் காட்டுனேன். ஒரு குறையும் இல்ல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத் தொடச்சு, வேற பெட்டில போட்டு அனுப்பிட்டேன். மூணாவது தடவை நல்லாருக்குன்னு சொன்னீங்களா, சரி தொலையட்டும்னு விட்டுட்டேன். அடியில நம்பர் இருக்கும் பாருங்க."

நம்பர் அவ்வளவு பொடியாக இருக்கிறது, என்னால் படிக்க முடியவில்லை. பூங்கோதையைக் கூப்பிட்டேன். முதல் பார்சலோடு வந்த ரசீதையும் கொடுத்தேன். அவள் கண்ணாடிகூடப் போடாமல் இரண்டையும் படித்தாள். ஒரே நம்பர்.

"சாய்க்கும்போது வால் திரும்பலன்னு சொன்னீங்களே சார்" என்றார் ஷாஜகான் பாய், இன்னும் லைனில் இருந்தபடி. "பொருள்ல கோளாறுன்னா பொருளோட சேந்து திரும்பியிருக்கணும். கண்ணுல கோளாறுன்னாத்தான் திரும்பாது. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். தைரியம் வரல."

போனை வைத்தேன். பூங்கோதை போகாமல் அங்கேயே நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"ஆறு மாசமாத் தெரியுமுங்க" என்றாள். "டீயக் கப்புக்கு வெளிய ஊத்தறீங்க. படி எறங்கறப்பக் கால வெச்சுத் தடவறீங்க. கண்ணு டாக்டர்கிட்டப் போலாம்னு வாயத் தொறந்தா நீங்க கத்துவீங்க."

கத்தியிருப்பேன். உண்மைதான்.

நவம்பர் 27, வியாழன்

விருந்தினர் விடுதிக்குப் போனேன். வேதவல்லி பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகிறாளாம், வேறு யாரையாவது அனுப்பச் சொல்லியிருக்கிறாளாம்.

எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்தேன். அங்கே போனதும் எல்லாம் மறந்து, "புள்ளிக்கு வால் இருக்கு" என்றுதான் வாயில் வந்தது. அவள் புரியாமல் பார்த்தாள். வால் எனக்கு மட்டும்தான் என்பதையும், வால்நுனிக்கு ஏற்றபடி திருகி வைத்திருந்ததையும் சொன்னேன். நல்ல கண்ணோடு உருண்டைப் புள்ளியை வைத்துச் சுடுகிற யாருக்கும் ஊசி கீழேதான் போகும் என்றேன். ஒரு ஊசி சுட்டுப் பார்க்கிறேன் என்று அவள் கேட்டபோது வேண்டாம் என்றது அதனால்தான். இருமல் வரவில்லை என்பதையும் சொன்னேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு நாளா என் கையப் பாத்துப் பாத்து உக்காந்திருக்கேன்டா" என்றாள். "நடுங்குதா நடுங்குதான்னு. என் பொண்ணுக்குப் போன் பண்ணி, வேலைய விட்டுடலாமான்னு கேட்டேன்."

மன்னித்துவிடு என்றேன். அந்த வார்த்தையை அவளிடம் சொல்வேன் என்று வேப்பேரியில் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

அறிக்கையைத் திருத்தி எழுதினேன். "தவறியதன் காரணம்: குறி வைக்கும் கருவி பழுதான என் கண்ணுக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருந்தது. இதைச் சுட்டவரிடம் மறைத்தேன். பிழை முழுக்க என்னுடையது. தணிகாசலம்." கையெழுத்துப் போட்டு அவளிடமே படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "எழுத்து ஒவ்வொண்ணும் வடை சைஸுல இருக்கு, இத இத்தனை நாளா யாரும் பாக்கலயா" என்றாள். பிறகு பையைப் பிரித்துத் துணிகளை வெளியே எடுத்தாள்.

நவம்பர் 28, வெள்ளி

காலை முழுக்க வேதவல்லி துப்பாக்கியைத் தன் கண்ணுக்கு அமைத்தாள். நான் கேஸ் அளவையும் ஊசியின் எடையையும் பார்த்துக்கொண்டேன். திருகாணியை நான் எத்தனை சுற்று தப்பாகத் திருப்பியிருந்தேன் என்று நஞ்சன் எண்ணிக்கொண்டே வந்தார். ஒன்பது. எனக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் எண்ணினார்.

மதியம் ஊட்டியில் கண் மருத்துவர். காரைப் பூங்கோதைதான் ஓட்டினாள். வலது கண்ணில் கண்புரை முற்றியிருக்கிறதாம், இடது கண்ணில் பாதி. பூங்கோதைதான் ஓட்டினாள். கண்புரையோடு, கருவிழியின் வளைவு கோணலாகி வருகிற பார்வைச் சிதைவும் இருப்பதால் வெளிச்சத்துக்கு வால் முளைக்குமாம். "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார். பூங்கோதை என் முகத்தைப் பார்த்தாள். "ஆறு மாசம்" என்றேன். அடுத்த வாரம் அறுவை சிகிச்சை.

நவம்பர் 30, ஞாயிறு

கெடுவின் கடைசி நாள். இன்று முடிந்தது.

காலை ஏழேகால். அதே ஓடை. கரடி நடக்கவே சிரமப்பட்டது, பின்னங்கால் இழுத்தது. குட்டி எங்கே என்று கேட்டேன். இதுவரை கேட்டதில்லை. "வலது பக்கம், பத்தடி தள்ளி, தனியா இருக்கு" என்றார் நஞ்சன். வேதவல்லி முப்பத்திரண்டு மீட்டரில் சுட்டாள். டப் என்று சதையில் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. பத்து நிமிடத்தில் சாய்ந்தது.

அதற்குப் பிறகு என் வேலை. வேதவல்லி கரடியின் கண்ணைத் துணியால் மூடி, மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டாள். நான் மயிருக்குள் விரலை விட்டுத் தடவிக் கம்பியைத் தேடினேன். வயிற்றுப் பக்கம் இரண்டு விரற்கடை ஆழத்தில் போயிருந்தது. சதை அதன் மேலேயே மூட ஆரம்பித்திருந்தது. இதற்குக் கண் அவ்வளவு வேண்டாம், விரல் போதும். கட்டரின் வாயைக் கம்பிக்கடியில் நுழைத்து மூன்று இடத்தில் வெட்டினேன். புழுக்களை எடுத்து, கழுவி, மருந்து வைத்தேன். குடல் தப்பியிருக்கிறது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் தப்பியிருக்காது. நான் வீண் பேச்சிலும் பார்சலிலும் தொலைத்த மூன்று வாரத்தில் அது ஒவ்வொரு நாளும் இதைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறது. அதை நினைத்துக்கொண்டேதான் தையல் போட்டேன்.

மயக்கம் தெளியும் ஊசியைப் போட்டுவிட்டு எல்லோரும் ஜீப்புக்கு வந்துவிட்டோம். ஐம்பது அறுபது மீட்டர் தூரம். எனக்கு அங்கே பச்சையும் அதன் நடுவே ஒரு கறுப்பும்தான்.

"நஞ்சன்" என்றேன். "எனக்கு ஒண்ணும் தெரியல. என்ன நடக்குதுன்னு சொல்லுங்க."

பதினோரு வருடமாக என்னோடு வருகிறார். "அதோ டாக்டரே" என்று காட்டுவதுதான் அவர் வழக்கம், "ஆமா ஆமா" என்பது என் வழக்கம். இன்று அவர் கையை நீட்டவில்லை. பக்கத்தில் வந்து நின்று சொல்ல ஆரம்பித்தார். இனி எழுதுவது நான் பார்த்ததல்ல, அவர் சொன்னது.

"தலையத் தூக்குது. திரும்பப் போட்டுடுச்சு. ம், இப்பத் தூக்கிடுச்சு. முன்னங்கால ஊணுது. ஆடுது, விழுந்துரும் போல. விழல. நின்னுருச்சு டாக்டரே. இடுப்பத் திரும்பி நக்கிப் பாக்குது. கம்பி இருந்த எடத்தையே நக்குது. குட்டி செடிக்குள்ளருந்து வருது, பயந்து பயந்து வருது. மோந்து பாக்குது. இப்ப ரெண்டும் நடக்குது. பின்னங்கால் இன்னும் இழுக்குது, ஆனா முந்தி மாதிரி இல்ல. சோலைக்குள்ள நொழைஞ்சிருச்சு. அவ்வளவுதான்."

வேதவல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துடைத்ததால் ஒன்றும் கூடுதலாகத் தெரிந்துவிடவில்லை.

"போறப்ப நம்ம பக்கம் திரும்பிப் பாத்துச்சா?" என்று கேட்டேன்.

நஞ்சன் கொஞ்சம் யோசித்தார்.

"இல்ல டாக்டரே. அதுபாட்டுக்குப் போயிருச்சு" என்றார்.

அதையும் அப்படியே எழுதியிருக்கிறேன்.